குறி போடாத சட்டை

1

எங்கள் சமையலறை மேசையில் ஆறு பேர் உட்காரலாம். பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வருங்காலச் சம்பந்தி ஜெஃப்ரி அதன்மேல் ஒரு காகிதச் சுருளை விரித்தார். அது மேசையைத் தாண்டி, நாற்காலியைத் தாண்டி, வாஷிங் மெஷின் வரைக்கும் போய்த்தான் நின்றது. உப்பு ஜாடி, ஊறுகாய் பாட்டில், என் கைபேசி, அவருடைய கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் ஓரத்தில் வைத்து அழுத்திவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கோடியில் இருந்த சின்னக் கட்டம் ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"இவர்தான்" என்றார்.

எதெல்வுல்ஃப். இந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆயிரத்து நூறு வருடங்களுக்கும் முன்னால், வெசெக்ஸ் என்று அப்போது அழைக்கப்பட்ட இந்தத் தென் இங்கிலாந்தை ஆண்ட அரசன். அவனிலிருந்து எண்ணினால் முப்பத்தெட்டாவது தலைமுறை ஜெஃப்ரி. முப்பத்தொன்பதாவது தலைமுறை டாம். என் மகள் நிலா, ஜூன் மாதம் இந்த டாமைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள்.

காகிதத்தின் இடது பாதியில் ஈ மொய்த்த மாதிரி பெயர்கள். வலது பாதி எங்களுடையது. நிலா, அவளுக்கு மேல் நானும் என் கணவர் ராகவனும். ராகவன் பக்கத்து நாலு தலைமுறையை அவருடைய அக்கா திருப்பூணித்துறையிலிருந்து வாட்ஸாப்பில் அனுப்பி முடித்துவிட்டார். என் தலைக்கு மேலேதான் வெள்ளைக் காகிதம்.

"இதைக் கல்யாண மண்டபத்து வாசலில் மாட்டப் போகிறோம். உங்கள் பக்கம் இப்படிக் காலியாக இருக்கக் கூடாது. எனக்கே கூச்சமாக இருக்கிறது" என்று சொல்லி, ஆறு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் பெயர், பிறந்த ஊர், பிறந்தபோது இருந்த குடும்பப் பெயர், தொழில்.

அன்று சாயங்காலமே நிரப்பிவிட்டேன். அப்பா பெயர் இசக்கிமுத்து. ஊர் மட்டாஞ்சேரி, கொச்சி. தொழில் என்ற இடத்தில் 'துணி வியாபாரம்' என்று எழுதினேன்.

என் அப்பா தம் ஆயுளில் ஒரு கைக்குட்டைகூட விற்றதில்லை. அவர் வெளுத்தார். அவருடைய அப்பாவும் வெளுத்தார். இன்றைக்கும் என் அண்ணன் முருகேசன், கொச்சி டோபிகானாவில் முழங்கால் தண்ணீரில் நின்று வெளுத்துக்கொண்டிருக்கிறான்.

2

ஜெஃப்ரியைக் கிண்டல் செய்வது சுலபம். நானும் முதலில் செய்தேன். அரசனின் வாரிசு இரண்டு அறை வீட்டில் இருக்கிறார். சாயங்காலம் கடை மூடுகிற நேரமாகப் பார்த்துப் போய், விலை குறைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய ரொட்டி வாங்குகிறார். நிலத்தடித் தண்ணீர்க் குழாய்களை அளப்பது அவருடைய வேலையாக இருந்தது. மனைவி இறந்தபோது ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். பேச ஆளில்லாத வீட்டில், பூமிக்கு அடியில் எது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்த பழக்கத்தில், முன்னோர்களைத் தேடத் தொடங்கியிருக்கிறார். அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன்.

பெருமை அடித்துக்கொள்கிற மனிதரும் இல்லை. "அவ்வளவு பின்னால் போனால் ஆங்கிலேயர்களில் பெரும்பாலோர் அவருடைய வாரிசுகளாகத்தான் இருப்பார்கள். எனக்கு வழி தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார். அந்த வழியில் ஒரு மாவரைப்பவன், ஒரு கொல்லன், குடித்தே செத்த ஒரு பாதிரியார், ஆடு திருடித் தூக்கில் தொங்கிய ஒருவன் எல்லோரும் இருந்தார்கள். ஆட்டுத் திருடனைக் காட்டும்போது அவர் குரலில் ஒரு தனி உற்சாகம் வரும். நான் அந்தப் பட்டியல் முழுவதையும் ரகசியமாகத் தேடிப் பார்த்தேன். ஒரு வண்ணாத்திகூட இல்லை. இருந்திருந்தால் பேச்சை எடுக்க வசதியாக இருந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை எங்களை வின்செஸ்டருக்கு அழைத்துப் போனார். நாங்கள் இருக்கும் ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அங்கே பெரிய தேவாலயத்தில், சுவருக்கு மேலே உயரத்தில், வண்ணம் தீட்டிய மரப்பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. உள்ளே பழைய அரசர்களின் எலும்புகள். ஒரு பெட்டியில் எதெல்வுல்ஃபின் பெயரும் உண்டு.

"ஆனால் உள்ளே இருப்பது அவர்தானா என்று சொல்ல முடியாது. ஒரு போரில் படைவீரர்கள் பெட்டிகளைக் கவிழ்த்து, எலும்புகளை எடுத்துச் சன்னல் கண்ணாடிமேல் எறிந்தார்களாம். பிறகு எல்லாவற்றையும் பொறுக்கி, கிடைத்த பெட்டியில் போட்டு மூடிவிட்டார்கள். எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது" என்றார் ஜெஃப்ரி.

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. எங்கள் வீட்டில் இருபது வீட்டுத் துணி ஒரே வெள்ளாவியில் வேகும். ஒரே தொட்டியில் அலசி, ஒரே கயிற்றில் காயும். ஒரு கைக்குட்டைகூட வீடு மாறிப் போனதில்லை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அந்தந்த வீட்டுக்கான குறி இருக்கும். இந்த அரசர்களுக்குக் குறி போட ஆள் இல்லாமல் போய்விட்டது.

அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் அவர் அங்கேயே ரசித்துச் சிரித்திருப்பார் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு, "பாவம்" என்று மட்டும் சொன்னேன். எலும்புகளைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

3

நான் இதைத் தமிழில் எழுதுவதே ஒரு தனிக் கதை. கொச்சியில் பள்ளியில் படித்தது மலையாளம். வீட்டில் பேசியது, தமிழ் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த ஒன்று. தமிழ் எழுத்து எனக்கு வந்தது இங்கிலாந்தில். நிலாவைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்துவிட்டு, வெளியே குளிருக்குப் பயந்து நானும் கடைசி பெஞ்சில் உட்காருவேன். யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவர் நடத்தினார். நான் 'சாயா' என்றால் 'தேநீர்' என்று திருத்துவார். ஒன்பது வயதில் நிலா நீச்சல் வகுப்புக்கு மாறிவிட்டாள். நான் மட்டும் தொடர்ந்து போய் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை முடித்தேன்.

நிலாவுக்கு இன்று தமிழில் நாற்பது சொல் தெரியும். பாதி சாப்பாடு. மீதியில் ஒன்று 'மாமா'. மாமா கொச்சியில் பெரிய லாண்டரி கம்பெனி வைத்திருக்கிறார், ஓட்டல்களுக்கெல்லாம் வேன் போகிறது என்பது அவள் எண்ணம். அந்த வேனை ஓட்டி அவள் மனதில் நிறுத்தியவள் நான்தான். ராகவனுக்கு உண்மை தெரியும்; காட்டிக்கொடுத்ததில்லை. நாங்கள் கொச்சிக்குப் போகும்போதெல்லாம் திருப்பூணித்துறையில் ராகவனின் அக்கா வீட்டில்தான் தங்குவோம். அண்ணன் நன்றாகத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு அங்கே வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நிலாவுக்கு ஒரு பொட்டலம் அல்வா கொடுத்துவிட்டுப் போவான்.

ஏன் இப்படிச் செய்தேன் என்று கேட்டால், ஒரு மஞ்சள் பாவாடையைச் சொல்ல வேண்டும்.

ஏழாம் வகுப்பில் பள்ளி ஆண்டுவிழாவுக்குக் குழு நடனம். எல்லோருக்கும் மஞ்சள் பாவாடை. என்னிடம் இல்லை. அண்ணன் எட்டாவதோடு நின்று, அப்பாவோடு துறையில் இறங்கியிருந்த சமயம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெளுத்து வைத்த மூட்டை ஒன்றிலிருந்து ஒரு பாவாடையை உருவிக் கொடுத்தான். "ஒரு நாளைக்குத்தானே. நாளைக்கு இன்னொருக்கா அலசித் தேய்ச்சு வச்சிரலாம்" என்றான். மேடை ஏறுவதற்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது, பின்னால் நின்ற ஷைனி குனிந்து என் பாவாடை ஓரத்தைப் புரட்டினாள். உள்ளே சேராங்கொட்டை மையில் இரண்டு புள்ளியும் ஒரு வளைவும். "இது ஞங்ஙளுடெ பாவாடையாணு" என்றாள். அவர்கள் வீட்டுப் பாவாடையாம். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் ஆடினேன். எப்படி ஆடினேன் என்று நினைவில்லை.

அப்பா யாரையும் அடிக்கவில்லை. அந்தப் பாவாடையை மறுபடி வெளுத்து, அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "குறி போட்டதெல்லாம் ஊரான் துணி. குறி இல்லாததுதான் நம்ம துணி. கிழிஞ்சிருந்தாலும் அத உடுத்துங்க." எங்கள் வீட்டுத் துணிக்குக் குறியே கிடையாது. குறி என்பது திருப்பிக் கொடுப்பதற்காக. எங்கள் துணியை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

அவர் சொன்னதில் எனக்குப் பதிந்தது கிழிசல் மட்டும்தான். நர்ஸிங் விடுதியில் வீட்டில் என்ன வேலை என்று கேட்டபோது "துணி பிசினஸ்" என்றேன். விமானம் ஏறி வந்த பிறகு அது இன்னும் சுலபமாகிவிட்டது. இருபத்தாறு வருடம் ஒரு பொய்யைச் சொன்னால், அதைச் சொல்லும்போது முகம் மாறுவதுகூட நின்றுவிடுகிறது.

4

மார்ச்சில் கல்யாணப் புடவை எடுக்கக் கொச்சிக்குக் கிளம்பினேன். ஜெஃப்ரியும் வருவேன் என்றார். என் பக்கத்துக் காகிதத்துக்கு ஏதாவது பழைய பதிவேடு கிடைக்காதா என்று அவருக்கு ஆசை. மட்டாஞ்சேரியிலிருந்து வெகு தூரம் தள்ளியிருக்கும் காக்கநாடு பக்கம் பெரிய ஓட்டலாகப் பார்க்கிறேன் என்றேன். "உங்கள் பூர்விகம் மட்டாஞ்சேரி இல்லையா?" என்று கேட்டு, அங்கேயே ஒரு ஹோம்ஸ்டேயில் தாமே அறை போட்டுவிட்டார். நான் வழக்கம்போலத் திருப்பூணித்துறை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "சம்பந்தி வர்றாரு. கடைசி நாள் ஞாயித்துக்கிழம நான் வாரேன். அதுவரைக்கும்..." என்று இழுத்தேன்.

"அதுவரைக்கும் நான் அங்கோட்டு வரண்டா. மனசிலாயி" என்றான். அந்தப் பக்கம் வரவேண்டாம் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. குரலில் வருத்தம் தெரியாமல் பார்த்துக்கொண்டான்.

தினமும் மெட்ரோவும் படகும் மாறி வந்து ஜெஃப்ரியை ஊர் சுற்றிக் காட்டினேன். டச்சு அரண்மனை, யூதத் தெரு, இஞ்சியும் மிளகும் மணக்கும் கிடங்குகள். அரசன் பிரியராயிற்றே என்று திருப்பூணித்துறை அரண்மனையில் ஒரு முழு நாளை ஓட்டினேன். பதிவேடு தேடி ஒரு அலுவலகத்துக்கும் போனோம். அங்கிருந்த குமாஸ்தா முதலில் கேட்டது, "வீட்டுப்பேரு எந்தா?"

கேரளத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டுப்பெயர் ஒன்று உண்டு. எங்களுக்குக் கிடையாது. திருநெல்வேலிப் பக்கமிருந்து துணி வெளுக்க அழைத்துவரப்பட்டவர்களுக்கு யார் வீட்டுப்பெயர் வைத்தார்கள்? "இல்லா" என்றேன். "எங்கில் கிட்டான் பாடாணு" என்று சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். பெயர் இல்லையென்றால் கிடைப்பது கஷ்டம். இங்கிலாந்திலும் இதே கதைதான். குடும்பப் பெயர் எழுது என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதியதால், மருத்துவமனையில் சில காலம் எல்லோரும் என்னை "மிஸஸ் இசக்கிமுத்து" என்றார்கள். வெளியே வந்தபோது ஜெஃப்ரியின் முகம் வாடியிருந்தது. எனக்கோ உள்ளுக்குள் நிம்மதி. அந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை ஹோம்ஸ்டேயில் அவர் ஒரு வெள்ளைச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சலவைக்குப் போய் வந்த சட்டை. காலரின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு வட்டம், அதன் கீழ் மூன்று கோடு.

"எல்லாத் துணியிலும் இது இருக்கிறது. இது எழுத்தா? என்ன லிபி?"

வட்டம் என்றால் அந்த ஹோம்ஸ்டே. மூன்று கோடு மூன்றாம் நம்பர் அறை. இப்போது சேராங்கொட்டை இல்லை, அழியாத மைப் பேனா. மூன்றாவது கோடு கீழே சற்று வளைந்திருந்தது. அண்ணன் சிறுவயதிலிருந்தே கடைசிக் கோட்டை அப்படித்தான் முடிப்பான்.

"தெரியவில்லையே" என்றேன்.

5

வியாழக்கிழமை நான் எர்ணாகுளத்தில் புடவைக் கடையில் இருந்தேன். ஜெஃப்ரி தனியாக ஆட்டோ பிடித்து டோபிகானாவுக்குப் போய்விட்டார். கொச்சிக்கு வருகிற எல்லா வெள்ளைக்காரர்களும் போகிற இடம் அது என்பதை, அங்கேயே வளர்ந்த நான் மறந்துவிட்டேன்.

மறுநாள் சாயா குடித்தபடி, கைபேசியில் படங்களைக் காட்டினார். தொட்டிகள். இரட்டைப் புரியாக முறுக்கிய கயிறுகளுக்கு நடுவே, கிளிப் எதுவும் இல்லாமல், துணி முனையைச் செருகிக் காயப்போட்டிருக்கும் வரிசைகள். பிறகு, கரி இஸ்திரிப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்காமல் நிற்கும் என் அண்ணன். தலை நன்றாக நரைத்திருந்தது.

"இந்த மனிதர்தான் என் சட்டைக் குறிக்கு அர்த்தம் சொன்னார். அருமையான ஆள். அவர் அப்பா, தாத்தா எந்தெந்த வீட்டுக்கு வெளுத்தார்கள், எந்த வீட்டுக்கு என்ன குறி, எல்லாம் மனப்பாடம். நம்முடைய காகிதத்தின் படத்தைக் காட்டினேன். இவள்தான் என் மருமகளாக வரப்போகிறவள், இது அவளுடைய அம்மா, உங்கள் ஊர்தான் என்று உங்கள் பெயரையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். படிக்கத் தெரியாதோ என்று நினைத்தேன். அப்புறம் எனக்குச் சாயா வரவழைத்துக் கொடுத்தார்."

என் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். "வேறு என்ன கேட்டீர்கள்?"

"வழக்கமாகக் கேட்பதுதான். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டேன். யாருமில்லை, தான் மட்டும்தான் என்றார்."

அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். என் காதில் அதற்குமேல் எதுவும் விழவில்லை. நான் அவனை மறைத்தது எனக்குப் பழகிப் போயிருந்தது. அவன் என்னை இல்லையென்று சொன்னது நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. கோபம்கூட வந்தது. அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன உரிமை என்று படகில் திரும்பி வரும்போது யோசித்தேன்.

6

சனிக்கிழமை காலை ஜெஃப்ரி மறுபடி ஒரு சட்டையோடு நின்றார். நீலக் கட்டம் போட்டது. டோபிகானாவுக்குப் போன அன்று அவர் போட்டிருந்த சட்டை.

"இதைப் பாருங்கள், இந்தத் தடவை குறி போடவில்லை. இரண்டு கால்சட்டையிலும் இல்லை. மறந்துவிட்டார்களோ? குறி இல்லாமல் எப்படி என்னிடம் சரியாக வந்து சேர்ந்தது?"

காலரைத் திருப்பிப் பார்த்தேன். கைப்பட்டியைப் பார்த்தேன். ஓரத்தைப் புரட்டினேன், ஷைனி என் பாவாடையைப் புரட்டியதுபோல. எங்கும் ஒரு புள்ளிகூட இல்லை. கஞ்சி அளவாகப் போட்டு, வீட்டுத் துணியை மடிப்பதுபோலக் கையை உட்பக்கமாக மடித்திருந்தது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் பயந்துபோய் ஏதாவது கறை இருக்கிறதா என்று கேட்டார். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அண்ணன் வீடு டோபிகானாவுக்குப் பின்பக்கச் சந்தில். மதினி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணன் உள்ளே தேய்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"நீயா? ஞாயிற்றுக்கிழமை வாரேன்னல்லே சொன்னே. இரி. சாயா போடச் சொல்லட்டா?"

"கூடப்பிறந்தவங்க யாருமில்லன்னு எதுக்குச் சொன்னே?"

அவன் ஒரு தலையணை உறையை எடுத்து உதறினான். "பின்ன என்ன பறய? நீ அவருகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கேன்னு எனக்கறியில்ல. நான் ஒண்ணு சொல்லி, நீ ஒண்ணு சொல்லி, அந்தப் புள்ள கல்யாணம் குழப்பமாகண்டான்னு பார்த்தேன். இல்லன்னு சொன்னா எல்லாத்துக்கும் சரியாப் போகும்."

"சட்டையில ஏன் குறி போடல?"

"மறந்துபோச்சு."

வாசலிலிருந்து மதினி சொன்னாள். "மறக்கவும் இல்ல ஒண்ணும் இல்ல. அந்தச் சட்டை வந்ததும் தனியா எடுத்து வச்சாரு. ஓட்டல் துணியோட போடண்டான்னு இங்க வீட்டுக் கிணத்தடியில, நம்ம துணிகூட நனைச்சாரு. நான் குறிக்கப் பேனா எடுத்துக் கொடுத்தேன். சம்பந்தி துணிக்கு யாராவது குறி போடுவாளாடீன்னு என்னைச் சாடினாரு."

அண்ணன் தலையணை உறையைத் தேய்க்கத் தொடங்கினான். ஏற்கெனவே தேய்த்த உறை அது.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். இந்த வயதில், ஒரு சலவைக் கட்டின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு. அவன் திரும்பிப் பார்த்து, "அது ஓட்டல் துணி. நனைச்சிராதே" என்றான்.

7

ஜெஃப்ரியிடம் சொல்ல அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இருபத்தாறு வருடம் காத்த விஷயம் அவ்வளவு சின்னதாக இருந்தது. நீங்கள் படம் பிடித்தவர் என் அண்ணன். என் அப்பாவுக்கும் அதே வேலை. படிவத்தில் நான் எழுதியது பொய். குறி இல்லாத சட்டைக்கு என்ன அர்த்தம் என்பதையும் சொன்னேன்.

அவர் அந்த நீலச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உங்கள் பெயரைக் காட்டிய பிறகுதான் கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டேன். அவருக்கு எப்படி இருந்திருக்கும்?" என்றார். பிறகு, "என்னிடம் ஏன் மறைத்தீர்கள்? ஆட்டுத் திருடனைக்கூட நான் மறைக்கவில்லையே" என்றார். குற்றம் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"அவன் செத்து இருநூறு வருஷம் ஆகிவிட்டது. உங்கள் அண்ணன் போன வாரம் ஆடு திருடிப் பிடிபட்டிருந்தால் வாசலில் மாட்டுவீர்களா?"

"மாட்ட மாட்டேன்" என்றார். அவரை எனக்கு முழுதாகப் பிடித்துப்போனது அந்தப் பதிலால்தான். அதற்கப்புறம் என் மனதில் ஒன்று நெருடியது. துணி வெளுப்பதைப் போய் ஆட்டுத் திருட்டோடு ஒப்பிட்டுவிட்டேன். அண்ணன் காதில் விழாதது நல்லதாயிற்று.

சாயங்காலம் இருவரும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். ஜெஃப்ரி அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். மதினி கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வைத்தாள். ஜெஃப்ரி கையோடு கொண்டுவந்திருந்த பழைய படிவத்தை நானே கிழித்துவிட்டேன்; புதிய தாளில் அண்ணன் சொல்லச் சொல்ல ஜெஃப்ரி எழுதினார். இசக்கிமுத்து. அவருக்கு அப்பா சுடலை. அவருக்கு அப்பா மறுபடி ஓர் இசக்கிமுத்து. அதற்கு மேலே அறியில்ல. தொழில் என்ன என்று கேட்டபோது அண்ணன் என்னைப் பார்த்தான்.

"சலவை. மூணு பேருக்கும். இவனுக்கும்" என்றேன்.

எழுதி முடித்ததும் அண்ணன் ஒரு சந்தேகம் கேட்டான். அவனுடைய டூரிஸ்ட் இங்கிலீஷ் போதாமல் என்னைக் கேட்கச் சொன்னான். "அந்த ராஜா இருக்காரில்லே. அவருக்கு யாரு துணி வெளுத்தா?"

மொழிபெயர்த்தேன். ஜெஃப்ரி சிரிக்க ஆரம்பித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். "அது எந்த ஏட்டிலும் இல்லை" என்றார்.

"வெளுக்காமயா உடுத்தியிருப்பாரு?" என்று சொல்லிவிட்டு, அண்ணன் அவருக்கு இன்னும் ஒரு கரண்டி மீன்கறி ஊற்றினான்.

நிலாவிடம் சொன்னதுதான் கடினம். ஊர் திரும்பி, நேரில் சொன்னேன். வண்ணார் என்றால் என்ன, அதற்கு ஏன் கூசினேன் என்று விளக்க அவளுடைய நாற்பது சொல் போதவில்லை. என் ஆங்கிலமும் போதவில்லை. துணி வெளுப்பதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவே இல்லை. "மாமாவை ஒவ்வொரு தடவையும் விருந்தாளி மாதிரி உட்காரவைத்து அனுப்பினாய். நானும் அதற்கு உடந்தையாக இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்" என்றாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வேலையிலிருந்து ஒரு செய்தி அனுப்பினாள். மாமாவின் சட்டை அளவு என்ன என்று கேட்டிருந்தாள்.

8

தாய்மாமன் இல்லாமல் கல்யாணமா? போன வாரம் அண்ணனுக்கு விசா விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தேன். இந்த நாட்டில் எதற்கும் படிவம் உண்டு, படிவத்துக்கு முடிவு கிடையாது. கைபேசியை ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்து, ஒவ்வொரு கேள்வியாகப் படித்தேன். அந்தப் பக்கம் அண்ணன் கரிப்பெட்டியோடு நின்றபடி பதில் சொன்னான்.

"குடும்பப் பெயர்?"

"அப்பா பேரு போடு."

"தொழில்?"

"அத நீயே எழுது. இப்ப உனக்கு நல்லா வருது" என்று சிரித்தான். எழுதினேன்.

பிறகு ஒரு கேள்வி வந்தது. அதை முதலில் மனதுக்குள்ளேயே இன்னொரு தடவை படித்தேன். அவன் என்ன ஆச்சு, நெட் போயிருச்சா என்று கேட்டான்.

"இங்கிலாந்துல சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களான்னு கேட்குது" என்றேன். "என்ன போட?"

கரிப்பெட்டி ஓடுகிற சத்தம் நின்றது. அவன் முகம் திரைக்கு அருகில் வந்தது.

"ஒரு தங்கச்சி உண்டுன்னு போடு" என்றான். "நர்ஸா இருக்கா. பேரு செல்வி."

என் பெயரே தெரியாதவள்போல, அவன் சொல்லச் சொல்ல எழுதினேன்.